50,000 அடி ஃபிலிமும் 64 பைட் பத்திரமும்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரெவ்யூவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது என் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் படுத்துருச்சு. ஒரு டிபி டிஸ்க். ப்ராஜெக்ட் கோடு எல்லாம் கிட்ஹப்ல இருந்ததால அதுக்குப் பயமில்லை. பயம் வேற ஒண்ணுக்கு. எங்க ஐயாவோட அறுபதாம் கல்யாண வீடியோ அதுலதான் இருந்தது. கேசட்ல இருந்ததை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து ஃபைலா மாத்தி வாங்கினோம். கேசட் பூஞ்சை பிடிச்சுப் போனதால அம்மா அதைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டாங்க. ஐயா இறந்து ஆறு வருஷம் ஆச்சு. அவர் குரல் இருக்கிற ஒரே இடம் அந்த டிஸ்க்.

லேப்டாப்ல சொருகினா டிரைவ் லெட்டர் வரலை. டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தா, இந்த டிஸ்க் இனிஷியலைஸ் ஆகலை, எம்பிஆர் வேணுமா ஜிபிடி வேணுமான்னு ஒரு பெட்டி கேட்டது. ரூம்மேட் ஓகே கொடுக்கக் கையைக் கொண்டு போயிட்டான். நான் கையைத் தட்டிவிட்டேன். அந்த ஓகேயை மட்டும் யாரும் அழுத்தாதீங்க மக்களே. டிஸ்கில் வேற வேலை பார்க்கும் முன்னாடி வாசற்படியையே புதுசாக் கட்டிடும் அது.

என்ன நடந்திருக்கும்னு நம்ம ஊர் பாஷையில சொல்றேன். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒண்ணை நாலு பங்காளிகள் பிரிச்சுக்கிறாங்கன்னு வைங்க. எந்த அறையிலிருந்து எந்த அறை வரை யாருக்குன்னு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கும். ஹார்ட் டிஸ்கில் எம்பிஆர் என்பது அந்தப் பத்திரம்தான். டிஸ்கின் முதல் செக்டர், 512 பைட். அதுக்குள்ள பார்ட்டிஷன் டேபிள் வெறும் 64 பைட், ஒரு வரி 16 பைட்டா மொத்தம் நாலே வரி. நாலு பங்காளி! என் டிஸ்கில் அந்த முதல் செக்டர் கெட்டுப் போச்சு. வீடு அப்படியே இருக்கு, சாமான் அப்படியே இருக்கு, பத்திரம் மட்டும் காணோம். விண்டோஸ் என்ன செய்யுதுன்னா, பத்திரம் இல்லைன்னா வீடே இல்லைன்னு சொல்லிடுது.

ரெவ்யூவை ஒரு வழியா முடிச்சிட்டுப் பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். முதல்ல கேபிளையும் போர்ட்டையும் மாத்திப் பார்த்தேன். அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஸ்மார்ட் நிலவரம் பார்த்தேன். மஞ்சள். படிக்க முடியாத செக்டர்கள் கொஞ்சம் இருந்தது. அப்படின்னா ஒரிஜினல் டிஸ்கில் எந்தச் சோதனையும் வைக்கக் கூடாது, இன்னொரு டிஸ்குக்கு முதலில் முழு நகல் எடுக்கணும். லினக்ஸ் பென்டிரைவ் போட்டு டிடி ரெஸ்க்யூ ஓட விட்டேன். நல்ல டிஸ்க் என்றால் செகண்டுக்கு 100 எம்பி வீதம் மூணு மணி நேரத்துக்குள் முடிஞ்சிரும். இது கெட்ட இடத்தில் எல்லாம் நின்னு நின்னு போய் ராத்திரி முழுக்க இழுத்தது.

அந்த ராத்திரியில்தான் ஐயாவோட அலமாரியைத் திறந்தேன். நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் செகண்ட் லாங்குவேஜா படிச்சு மார்க் வாங்கினதோட சரி. அலமாரியில் 'குமரி மலர்' இதழ்களை வருஷ வாரியா பைண்ட் பண்ணி வைச்சிருந்தார். ஆசிரியர் ஏ.கே. செட்டியார், கோட்டையூர்க்காரர். பக்கத்துலயே 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று அவர் எழுதின இன்னொரு புத்தகம். விடியறதுக்குள்ள அதை முடிச்சிட்டேன். இனி எழுதப் போறது அவர் கதை.

கோட்டையூர் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அழகப்பச் செட்டியார் 1909இல் பிறந்த ஊர் என்று நமக்குத் தெரியும், அவர் பேர் போட்ட வாசல்களைத் தாண்டித்தானே இங்கே எல்லாரும் படிக்கப் போறோம். அதே ஊரில் 1911 நவம்பரில் பிறந்தவர் அண்ணாமலை கருப்பன் செட்டியார். நகரத்தார் பிள்ளைகள் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன காலம் அது. இவரும் ரங்கூன் போனார், ஆனா வட்டிக்கடைக்கு இல்லை. அங்கே 'தனவணிகன்' என்ற பத்திரிகையை நடத்தினார். அப்புறம் கேமரா பைத்தியம் பிடிச்சது. புகைப்படக்கலை படிக்க டோக்கியோ போனார், அதுக்கப்புறம் நியூயார்க். 1930களில், ஒரு தமிழ்ப் பையன், கோர்ஸ் படிக்க ஜப்பானும் அமெரிக்காவும்! நம்ம கிளாஸ்ல ஜிஆர்ஈ எழுதறவங்க எத்தனை பேர் புலம்பறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் போற கப்பலில் இருக்கிறார். அன்னைக்கு காந்தி பிறந்த நாள். காந்தியைப் பத்தி ஒரு முழுநீள டாக்குமெண்டரி எடுக்கணும்னு அந்தக் கப்பலில் தோணுது. இன்னும் 26 முடியலை. கையில் பெரிய காசு கிடையாது, சினிமா கம்பெனி கிடையாது. காந்தியோ கேமராவுக்கு முன்னாடி நின்னு போஸ் கொடுக்கிற ஆளே இல்லை.

அப்போ எப்படி எடுக்கிறது? இங்கதான் இவர் யோசனை எனக்குப் பிடிச்சது. புதுசா எடுக்கிறதை விட, ஏற்கெனவே எடுத்து வைச்சதைத் தேடலாம்னு முடிவு பண்ணார். அந்தக் காலத்தில் டிவி இல்லை. தியேட்டரில் படத்துக்கு முன்னாடி நியூஸ்ரீல் ஓடும். உலகம் முழுக்க அதுக்குக் கேமராக்காரர்கள் இருந்தாங்க. 1930 உப்புச் சத்தியாகிரகம், 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குக் காந்தி லண்டன் போனது எல்லாம் அவங்க சுருளில் பதிவானது. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்னு துண்டு துண்டா. அந்த வாரம் ஓடி முடிஞ்சதும் டப்பாவில் போட்டு எங்கேயோ ஒரு கோடவுனில் தள்ளிடுவாங்க. யாருகிட்ட எது இருக்குன்னு ஒரே இடத்தில் ஒரு பட்டியல் கிடையாது.

நம்ம பாஷையில் சொன்னா, பார்ட்டிஷன் டேபிளே இல்லாத டிஸ்க். டேட்டா இருக்கு, எங்கேன்னு தெரியாது. இப்போ இதுக்கு ஃபோட்டோரெக் மாதிரி மென்பொருள் இருக்கு. பத்திரத்தை எல்லாம் நம்பாம ஒவ்வொரு செக்டரா போய், இங்கே ஒரு ஜேபெக் ஆரம்பிக்குதா, அங்கே ஒரு வீடியோ ஆரம்பிக்குதான்னு மோந்து பார்த்துக்கிட்டே போகும். ஏ.கே. செட்டியார் அதைக் கப்பலில் போய்ச் செஞ்சார். லண்டன், அமெரிக்கா, காந்தி இருபது வருஷம் வாழ்ந்த தென் ஆப்பிரிக்கா என்று அலைஞ்சார். ஒவ்வொரு ஊரிலும் நியூஸ்ரீல் கம்பெனி வாசலில் நின்னார், காந்தியோடு பழகினவங்களைத் தேடிப் போனார். அந்த அலைச்சலைத்தான் 'அண்ணல் அடிச்சுவட்டில்' கட்டுரைகளில் எழுதியிருக்கார். எழுத்தில் தன்னைப் பத்திப் பெருமையே இருக்காது. நானா இருந்தா ஒவ்வொரு ஊருக்கும் பத்து ஸ்டோரி போட்டிருப்பேன்.

கணக்கைப் பாருங்க. சுமார் 1,00,000 மைல் பயணம். முப்பது வருஷக் காலத்தில் ஏறக்குறைய 100 கேமராக்காரர்கள் எடுத்ததிலிருந்து 50,000 அடி ஃபிலிம் சேர்ந்தது. இந்த அடிக்கணக்கு எனக்கு முதலில் புரியலை, அதனால உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 35 எம்எம் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடினா நிமிஷத்துக்கு 90 அடி. அப்போ 50,000 அடின்னா ஒன்பதேகால் மணி நேரம். நீளத்தில் பார்த்தா 15 கிலோமீட்டருக்கு மேல. காரைக்குடியிலிருந்து கோட்டையூர் வரை விரிச்சுக்கிட்டே போய்த் திரும்பி வந்தாலும் கையில் சுருள் மிச்சமிருக்கும். அதிலிருந்து வெட்டி ஒட்டி 12,000 அடியாக் குறைச்சார். அது ரெண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. எடிட்டிங் தெரிஞ்ச மீடியா கிளப் ஆட்களுக்கு இந்த விகிதம் என்னன்னு விளங்கும். அவங்களுக்கு டைம்லைன் இருக்கு, கன்ட்ரோல் இசட் இருக்கு. அவருக்குக் கத்தரியும் பசையும்.

1940 ஆகஸ்ட் 23, சென்னை ராக்ஸி தியேட்டரில் தமிழ் வர்ணனையோடு படம் வெளியானது. டாக்குமெண்டரி ஃபிலிம்ஸ் லிமிடெட் என்று இதுக்காகவே ஒரு கம்பெனி. பிறகு தெலுங்கிலும் வந்தது. காந்தியைப் பத்தின முதல் முழுநீள டாக்குமெண்டரி இதுதான், நம்ம ஊர்க்காரர் எடுத்தது, முதலில் பேசினது தமிழ். இதை எனக்கு ஸ்கூலில் யாரும் சொல்லலை. அட்டன்பரோ படத்தை மட்டும் ஒவ்வொரு அக்டோபரும் போட்டாங்க.

அதே வருஷம் 'உலகம் சுற்றும் தமிழன்' புத்தகமும் வந்தது. கடைசி வரைக்கும் அதுவே அவருக்குப் பட்டப்பேராச்சு.

ஆனா நேரம் சரியில்லை. உலகப் போர் நடக்குது. காந்திக்கும் அரசாங்கத்துக்கும் மோதல் முத்திக்கிட்டே போய், 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு, கைது, சிறை. காந்தி படத்தைத் தியேட்டரில் ஓட்டுற காலமா அது? பிரிட்டிஷ் அரசு பறிமுதல் பண்ணிடுமோன்னு சுருள்களை ஒளிச்சு வைக்க வேண்டியதாப் போச்சு. இந்த ஃபிலிம் எப்படிப்பட்ட சரக்குன்னு நம்ம ஆட்களுக்குத் தெரியணும். அப்போதைய 35 எம்எம் ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். துப்பாக்கிக்குப் போடற கன்காட்டனுக்குச் சொந்தக்காரன். பத்திக்கிட்டா தண்ணி ஊத்தி அணைக்க முடியாது, எரியறதுக்கு வேண்டிய ஆக்ஸிஜனை அதுவே கொடுத்துக்கும். எரியலைன்னாலும் சூட்டிலும் ஈரத்திலும் தானாவே மக்கும். முதல்ல படம் மங்கும், அப்புறம் பிசுபிசுன்னு ஒட்டிக்கும், கடைசியில் பழுப்புப் பொடி. நம்ம வெயிலுக்கு அதை ஒளிச்சு வைச்சுக் காப்பாத்துறதே ஒரு வேலை.

1947இல் சுதந்திரம் வந்த நேரத்தில் ஹிந்தி வர்ணனையோடு டெல்லியில் காட்டினார். பிறகு அமெரிக்கா போய் ஆங்கிலத்தில் ஒரு வடிவம் தயாரானது, 1953இல் வெளியானது. அதோட படத்தின் கதை முடிஞ்ச மாதிரி. அவரும் திரும்ப சினிமா பக்கம் போகலை.

இடையில் 1943இலேயே 'குமரி மலர்' ஆரம்பிச்சிருந்தார். 1983 வரை, நாப்பது வருஷம். முதலில் அந்த பைண்ட் வால்யூமைப் புரட்டினப்போ எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். புதுக்கதை, புதுச் செய்தின்னு இருக்கும்னு பார்த்தா, பழைய பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளைத் தேடி எடுத்துத் திரும்ப அச்சுப் போட்டிருக்கார். அம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதினது, வந்த பத்திரிகையே நின்னு போனது. என்னடா இது, ஒரு மனுஷன் உலகத்தையே சுத்திட்டு வந்து காப்பி பேஸ்ட் பண்றாரேன்னு நினைச்சேன். விடியக்காலை நாலு மணிக்கு, பக்கத்தில் டிடி ரெஸ்க்யூ ஒவ்வொரு செக்டரா நகல் எடுத்துக்கிட்டிருக்கும்போதுதான் உறைச்சது. அவர் செஞ்சதும் அதேதான். மூல இதழ் ஏதோ ஒரு வீட்டில் கரையான் வாயில் போகும், குமரி மலர் 300 வீட்டுக்குப் போனாலும் சரி, 3,000 வீட்டுக்குப் போனாலும் சரி, அதில் ஒண்ணாவது எங்க ஐயா அலமாரி மாதிரி எங்கேயாவது நிற்கும். தமிழ்நாட்டைப் பத்தின பழைய பயணக் கட்டுரைகளையும் இப்படித்தான் தேடித் தொகுத்தார்.

(இதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையாவும் இருந்தார். சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று சுமார் ஒரு லட்சம் உருப்படி வீட்டில் சேர்த்து வைச்சார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கினதாலதான் அது சென்னையில் ரோஜா முத்தையா நூலகமா இருக்கு. ஒரு சின்ன ஊரில் ரெண்டு பேருக்கு இதே வியாதி. தண்ணியில் ஏதாவது கலந்திருக்கணும்.)

1983 செப்டம்பர் 10இல் ஏ.கே. செட்டியார் இறந்தார். குமரி மலரும் அதோட நின்னது.

அப்புறம் படத்தைத் தேடினா படம் இல்லை. எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போகவே மனசு வரலை. நாலு கண்டம் சுத்தி, எங்கெங்கேயோ சிதறிக் கிடந்ததை ஒரு ஆள் ஒரே இடத்தில் கொண்டு வந்து சேர்த்தார். சேர்த்த அந்த முழுப் பிரதி, தமிழ் பேசின 12,000 அடி, காணாமல் போச்சு. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி இதைப் பல வருஷம் விடாமல் தேடினார். 'அண்ணல் அடிச்சுவட்டில்' கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினதும் அவர்தான். கடைசியில் ஒரு பிரதி கிடைச்சது எங்கே தெரியுமா? அமெரிக்காவில், சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில். 1953 ஆங்கில வடிவத்தின் சுருக்கம். சென்னையில் இல்லை, டெல்லியில் இல்லை, கோட்டையூரில் இல்லை. உலகத்தோட அந்தக் கோடியில் தங்கிப் போன ஒரு கிளை மட்டும் மிச்சம்.

ஜிபிடி டிஸ்கில் ஒரு ஏற்பாடு உண்டு. பார்ட்டிஷன் டேபிளை டிஸ்கின் தலைப்பக்கம் எழுதிட்டு, இன்னொரு பிரதியைக் கடைசி செக்டர்கள் பக்கம், முழுக்க அந்தக் கோடியில், எழுதி வைச்சிருக்கும். முன்பக்கம் அடி வாங்கினா பின்பக்கத்திலிருந்து மீட்டுக்கலாம். என்னுடையது பழைய எம்பிஆர். ஒரே பத்திரம், ஒரே இடம்.

காலையில் நகல் முடிஞ்சது. டிடி ரெஸ்க்யூ ரிப்போர்ட்டில் படிக்க முடியாமல் போனது சில எம்பிதான். ஒரிஜினலைக் கழட்டித் துணியில் சுத்தி வைச்சிட்டு, நகலில் டெஸ்ட்டிஸ்க் திறந்தேன். அனலைஸ், குயிக் சர்ச். அது என்ன செய்யும்னா, பத்திரம் இல்லாட்டிப் போகுது, நேரா வீட்டுக்குள்ள போய் எங்கெங்கே சுவர் இருக்குன்னு பார்க்கும். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் ஒவ்வொண்ணும் தன் வாசலில் ஒரு பூட் செக்டரும், கடைசி செக்டரில் அதுக்கு ஒரு நகலும் வைச்சிருக்கும். அதை வைச்சு எங்கே ஆரம்பம், எங்கே முடிவுன்னு கண்டுபிடிச்சிடும். என் பார்ட்டிஷன் பச்சை எழுத்தில் வந்தது. உடனே ரைட் கொடுக்கலை. பி அழுத்தி ஃபைல் லிஸ்ட் வருதான்னு பார்த்தேன், வந்தது. அதுக்கப்புறம்தான் ரைட். அந்த 64 பைட்டைத் திரும்ப எழுத ஒரு செகண்ட் கூட ஆகலை.

வீடியோ ஒரு மணி நாலு நிமிஷம். அப்பத்தாவை எழுப்பிட்டு வந்து உட்கார வைச்சுப் போட்டேன். 38ஆவது நிமிஷத்தில் ஐயா மைக்கைப் பிடிச்சுப் பேச ஆரம்பிக்கிற இடத்தில் படம் கட்டம் கட்டமா உடைஞ்சது. கெட்ட செக்டர் அங்கேதான் விழுந்திருக்கு. எம்பெக்-2 ஃபைல் என்பதால் ப்ளேயர் தாண்டிப் போயிருச்சு. குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. அவர் என்ன சொன்னார்னு அப்பத்தாவுக்கு ஞாபகம் இருந்தது, விட்டுப்போன இடத்தை எல்லாம் அவங்களே சொன்னாங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டேன். இப்போ அந்த ஃபைல் என் லேப்டாப்பில் ஒண்ணு, புது டிஸ்கில் ஒண்ணு, சிங்கப்பூரில் அத்தை வீட்டில் ஒண்ணு.

கடைசியா ஒரு வேண்டுகோள். செட்டியார் படத்தின் முழுத் தமிழ்ப் பிரதி இன்னும் கிடைக்கலை. நம்ம பக்கம் பெரிய வீடுகளை இடிச்சு, கதவு, தூண், பெட்டகம், போட்டோ ஃப்ரேம் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வருது. நாம பாதிப் பேர் அங்கே ரீல்ஸ் எடுக்கப் போறோம். அடுத்த தடவை போகும்போது வட்டமான தகர டப்பா, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், துருப்பிடிச்சது, கண்ணில் பட்டா நின்னு பாருங்க. வெயிலில் வைக்காதீங்க, பக்கத்தில் யாரும் சிகரெட் பத்த வைக்க விடாதீங்க, சுருளை இழுத்துப் பிரிக்காதீங்க. டப்பா மேல ஒட்டின சீட்டை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.